கடைசிப் படகு போன பிறகு

மாலைப் படகு போய்விட்டால் கம்பர்லாந்து தீவில் சத்தம் அடங்கிவிடுகிறது. பகல் நேரத்துப் பார்வையாளர்கள் இடிந்த மாளிகையையும் குதிரைகளையும் படம் பிடித்துக்கொண்டு கரைக்குத் திரும்பியாயிற்று. மிச்சம் இருப்பவர்கள் முதுகில் மூட்டையோடு வந்தவர்கள். மூட்டைக்குள் கூடாரம், சின்ன அடுப்பு, நாலு நாளைக்குச் சாப்பாடு, தண்ணீர் வடிகட்டி, கொசுவுக்கு மருந்து, குப்பையைத் திருப்பி எடுத்துப்போக ஒரு பை. எதையாவது மறந்திருந்தால் மறந்ததுதான். தீவில் கடை கிடையாது. டீ கூடக் கிடைக்காது.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துக் கரையில், ஃபுளோரிடா எல்லையை ஒட்டி இருக்கிறது இந்தத் தீவு. நீளம் சுமார் 28 கி.மீ. சதுப்பு நிலத்தையும் சேர்த்தால் பரப்பு 36,000 ஏக்கருக்குச் சற்று அதிகம். இதே கரையில் உள்ள ஜெகில், செயின்ட் சைமன்ஸ் தீவுகளுக்குப் பாலம் உண்டு. அதனால் ஹோட்டலும் கோல்ஃப் மைதானமும் உண்டு. கம்பர்லாந்துக்குப் பாலம் இல்லை. செயின்ட் மேரிஸ் என்ற சிற்றூரிலிருந்து படகில் 45 நிமிடம் போக வேண்டும். பயணிகளின் காரைப் படகு ஏற்றாது. செல்ல நாயையும் ஏற்றாது. 1972ல் இது 'தேசியக் கடற்கரை'யாக அறிவிக்கப்பட்டது. 1984ல் போட்ட நிர்வாகத் திட்டம், ஒரு நாளைக்கு 300 பேருக்கு மேல் வரக்கூடாது என்று வரம்பு கட்டியது.

முந்நூறு பேர் என்றால் நம் ஊர்க் கணக்கில் நாலைந்து பஸ் கூட்டம். கோவளத்திலோ மெரினாவிலோ ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரு சுண்டல்காரரைச் சுற்றி நிற்கும் கூட்டத்தைவிடக் கொஞ்சம் அதிகம். இவ்வளவு பேருக்குத்தான் 28 கி.மீ. கடற்கரை.

தங்குவதற்கு ஐந்து இடங்கள். படகுத்துறைக்குப் பக்கத்தில் உள்ளது சீ கேம்ப். குடிநீர், கழிப்பறை, பச்சைத் தண்ணீர்க் குளியல் எல்லாம் இங்கே உண்டு. ஐந்தரை கி.மீ. வடக்கே ஸ்டாஃபோர்ட் கடற்கரை. அங்கே குளிக்கலாம், ஆனால் தண்ணீரைச் சுத்தம் செய்துதான் குடிக்க வேண்டும். இவற்றைத் தாண்டினால் வனப்பகுதி. ஹிக்கரி ஹில், யாங்கி பாரடைஸ், பிரிக்ஹில் பிளஃப் என்று மூன்று தங்குமிடங்கள். கடைசியாகச் சொன்னது படகுத்துறையிலிருந்து 17 கி.மீ. தூரம். முழுக்க நடைதான். கூடாரம் அடிக்க ஒரு துண்டு தரை, பக்கத்தில் எங்கோ ஒரு நீர்நிலை அல்லது கிணறு. அவ்வளவுதான் வசதி. வனப்பகுதியில் விறகு மூட்டக்கூடாது. கையோடு கொண்டுபோன அடுப்பில்தான் சமையல். மொத்தத்தில் ஏழு இரவுகளுக்கு மேல் தங்க அனுமதி இல்லை.

படகிலிருந்து இறங்கியதும் வன அலுவலர் எல்லோரையும் நிறுத்தி விதிகளைச் சொல்கிறார். சாப்பாட்டு மூட்டையைக் கிளையில் உயரக் கட்டித் தொங்கவிடுங்கள், இல்லாவிட்டால் ரக்கூன்களுக்குத்தான் விருந்து. குதிரைகளுக்கு அருகில் போகாதீர்கள். மணல் குன்றுகளின் மேல் ஏறாதீர்கள். கொண்டுவந்ததையெல்லாம், உருளைக்கிழங்குத் தோல் உட்பட, திரும்பக் கொண்டுபோங்கள். இதில் எதுவும் பெரிய தத்துவம் இல்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளி நடந்துகொள்ள வேண்டிய முறைதான்.

நடக்கத் தொடங்கியவர்களை முதலில் வாயடைக்க வைப்பவை லைவ் ஓக் மரங்கள். உப்புக் காற்று அவற்றை உயரமாக வளர விடுவதில்லை. அதனால் கிளைகள் பக்கவாட்டில் முறுக்கிக்கொண்டு, தரையைத் தொட்டு, மறுபடி எழுகின்றன. கிளைகளிலிருந்து நரைத்த தாடிபோல் ஒன்று தொங்குகிறது. 'ஸ்பானிஷ் மாஸ்' என்று பெயர். ஸ்பெயினுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. பாசியும் அல்ல. அன்னாசி குடும்பத்தைச் சேர்ந்த செடி. அடியில் பால்மெட்டோ என்னும் குட்டைப் பனைப் புதர். அது முடிந்தால் மணல் குன்று. குன்றைத் தாண்டினால் அட்லாண்டிக். கடலை ஒட்டி நடந்தால் ஒரு மணி நேரத்துக்கு எதிரே ஆள் வராமல் போகலாம்.

இரவு வேறு உலகம். கோடைக் காலத்தில் பெருந்தலை ஆமைகள் கரையேறி முட்டையிடுகின்றன. ஒரு குழியில் நூறுக்கும் மேல். இரண்டு மாதம் போல் மணலின் சூட்டில் கிடந்து, ஏதோ ஒரு ராத்திரி குஞ்சுகள் பொலபொலவென்று வெளியே வருகின்றன. எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் கடல் என்பது அவற்றின் கணக்கு. கரையில் ஒரு ஹோட்டல் விளக்கோ டார்ச் வெளிச்சமோ இருந்தால் கணக்குத் தப்பிவிடும். கம்பர்லாந்தின் இருட்டு, ஆமைகளுக்கு வெறும் இருட்டல்ல, வழிகாட்டி. இந்தக் கரையில் ஆமை காக்கும் முயற்சிகள் பல பத்தாண்டுகளாக நடக்கின்றன. 2004ல் ஜார்ஜியா கரை முழுவதிலும் எண்ணப்பட்ட கூடுகள் 400க்கும் குறைவு. 2022ல் அது 4,000ஐத் தாண்டியது. ஆமை பருவத்துக்கு வர முப்பது ஆண்டு போல் ஆகும். அதாவது, முந்தைய தலைமுறை காட்டிய பொறுமைக்கு இந்தத் தலைமுறை வட்டி வாங்குகிறது.

இதுவரை சொன்னது அழகான பகுதி. அழகு மட்டும் என்றால் இந்தத் தீவைப் பற்றி எழுதச் சுற்றுலாத் துறையின் துண்டுப்பிரசுரமே போதும்.

மனிதக் காலடியே படாததுபோல் தோன்றும் கம்பர்லாந்தில் மனிதக் காலடி படாத நூற்றாண்டே இல்லை. முதலில் இருந்தவர்கள் டிமுகுவா மக்கள். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியப் பாதிரிமார்கள் வந்து இங்கே ஆலயம் அமைத்தார்கள். பிறகு ஆங்கிலேயர் வந்து கோட்டை கட்டினார்கள். பழங்குடிகள் நோயிலும் சண்டையிலும் அழிந்தார்கள். அடுத்து வந்தது பருத்தி. நீள இழைக்குப் பெயர்போன 'கடல்தீவுப் பருத்தி'. அதை விளைவித்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகளும் அவர்களின் சந்ததியும். ராபர்ட் ஸ்டாஃபோர்ட் என்ற ஒரே பண்ணையாரிடம் நூற்றுக்கணக்கான அடிமைகள் இருந்தார்கள். இன்று மூட்டை தூக்கிப்போகிறவர்கள் இரவு தங்கும் ஸ்டாஃபோர்ட் கடற்கரை அவர் பெயரில்தான் இருக்கிறது. உழைத்தவர்களுக்கு மிஞ்சியவை, குடிசைகள் இருந்த இடத்தில் வரிசையாக நிற்கும் சமையல் அடுப்புகளின் புகைபோக்கிகள். குடிசைகள் போய்விட்டன. செங்கல் மட்டும் நிற்கிறது.

நடுவில் ஒரு விசித்திரமும் நடந்தது. 1815 ஜனவரியில் பிரிட்டிஷ் கடற்படை தீவைப் பிடித்தது. தங்களிடம் வந்துசேரும் அடிமைகளுக்கு விடுதலை என்று அறிவித்தது. சுற்று வட்டாரப் பண்ணைகளிலிருந்தெல்லாம் அடிமைகள் படகேறி வந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் கப்பலேறிச் சுதந்திர மனிதர்களாகப் போனார்கள். எங்களுடைய 'சொத்தை'த் திருப்பிக் கொடுங்கள் என்று பண்ணையார்கள் கேட்டதற்குக் கடற்படை மசியவில்லை. சில வாரங்களுக்கு, அந்தத் தேசத்தில் மனிதன் மனிதனாக நடத்தப்பட்ட சில இடங்களில் இந்தத் தீவும் ஒன்றாக இருந்தது. பிறகு பழைய கதை.

உள்நாட்டுப் போருக்குப் பின் பருத்தி ஓய்ந்தது. 1880களில் எஃகு அரசர் ஆண்ட்ரு கார்னெகியின் தம்பி தாமஸ், தீவில் நிலம் வாங்கி டன்ஜனஸ் என்ற மாளிகையைக் கட்டத் தொடங்கினார். 1886ல் அவர் இறந்துவிட்டார். மனைவி லூசி, ஒன்பது குழந்தைகளோடு தீவையே சாம்ராஜ்யமாக்கிக்கொண்டார். தீவின் பெரும்பகுதி ஒரே குடும்பத்தின் கையில் வந்தது. பிள்ளைகளில் சிலருக்கும் மாளிகைகள் எழுந்தன. டன்ஜனஸ் 1959ல் எரிந்துபோனது. அதன் சுவர்களைச் சுற்றி இப்போது குதிரைகள் மேய்கின்றன.

வேடிக்கை என்னவென்றால், பணக்காரர்களின் அந்தப் பிடிவாதம்தான் தீவைக் காப்பாற்றியது. 1968ல் சார்ல்ஸ் ஃபிரேசர் என்ற ரியல் எஸ்டேட் அதிபர் இங்கே நிலம் வாங்கினார். ஹில்டன் ஹெட் தீவை உல்லாச நகரமாக்கியவர் அவர். அதே மாதிரி இங்கேயும் ஒன்று வரப்போகிறது என்றதும் பரம்பரை நிலக்காரர்களும் இயற்கை ஆர்வலர்களும் கைகோத்தார்கள். ஃபிரேசர் நிலத்தை விற்றுவிட்டு விலகினார். நிலத்தை வாங்கி அரசிடம் சேர்க்க மெலன் குடும்பத்து அறக்கட்டளை பணம் கொடுத்தது. நிலத்தைக் கொடுத்த குடும்பங்களில் பல, ஆயுள் முழுக்கவோ குறிப்பிட்ட ஆண்டுகளுக்கோ அங்கேயே வசிக்கும் உரிமையைக் கேட்டு வாங்கிக்கொண்டன.

கேட்டு வாங்க எதுவும் இல்லாதவர்களும் இருந்தார்கள். தீவின் வடகோடியில், விடுதலை பெற்ற அடிமைகளின் குடும்பங்கள் 1890களில் ஒரு குடியிருப்பை அமைத்தன. அதற்குப் பெயரே 'குடியிருப்பு'தான். 1893ல் தங்களுக்கென்று ஒரு தேவாலயம் உண்டாக்கினார்கள். இப்போது நிற்கும் மரக் கட்டடம் 1937ல் கட்டியது. சிவப்புக் கதவு, ஜன்னல் சட்டம், பத்துப் பதினோரு பெஞ்சு. வேலை குறையக் குறைய ஒவ்வொரு குடும்பமாகக் கரைக்குப் போய்விட்டது. 1996 செப்டம்பரில் மறைந்த ஜனாதிபதி கென்னடியின் மகன் இந்தத் தேவாலயத்தில் ரகசியமாகத் திருமணம் செய்துகொண்டதும் அது உலகப் புகழ் பெற்றது. நாற்பது பேர் நுழைந்தால் நிறைந்துவிடும் அந்தக் கட்டடத்தை இன்றைக்குக் கென்னடி கல்யாணம் நடந்த இடம் என்றுதான் சுற்றுலாக்காரர்கள் கேட்டுவருகிறார்கள். கட்டியவர்களின் பெயரைக் கேட்பவர்கள் குறைவு.

1982ல் தீவின் வடபாதியில் 8,800 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் சட்டப்படி 'வனாந்தர'மாக அறிவிக்கப்பட்டது. 1964ல் வந்த அமெரிக்கச் சட்டத்தின்படி, மனிதன் வந்துபோகலாம், தங்கக்கூடாது என்கிற நிலமே வனாந்தரம். மோட்டார் வாகனம் கூடாது, புதிய கட்டடம் கூடாது. நல்ல சட்டம்தான். ஆனால் தமிழ் படித்தவர்களுக்கு இதில் ஒரு நெருடல் இருக்கும். தமிழ் இலக்கணத்தில் ஐந்து திணை உண்டு. ஒவ்வொன்றுக்கும் மரமும் பறவையும் விலங்கும் சொன்ன கையோடு, அந்நிலத்து மக்களையும் அவர்கள் தொழிலையும் சேர்த்தே சொல்லியிருக்கிறது. நெய்தல் என்றால் புன்னையும் சுறாவும் மட்டுமல்ல. வலை வீசும் பரதவரும் உப்பு விளைக்கும் உமணரும்தான். ஆளே இல்லாத நிலம் என்று ஒரு திணை கிடையாது. கம்பர்லாந்தின் 'வனாந்தரம்' இயற்கை தந்தது என்பதைவிட, நானூறு ஆண்டுகளில் பலர் போனதால் உண்டானது என்பதே சரி.

இது வெறும் சொல் விளையாட்டல்ல என்பதை ஒரு வழக்கு காட்டியது. வனப்பகுதிக்குள் இருக்கும் பழைய மாளிகையையும் வடகோடித் தேவாலயத்தையும் பார்க்கச் சுற்றுலாப் பயணிகளைப் பூங்கா நிர்வாகம் தன் வேனில் ஏற்றிப்போய்க்கொண்டிருந்தது. எப்படியும் அலுவலர்கள் பராமரிப்புக்குப் போகிறார்கள், காலி இருக்கையில் நாலு பேர் வந்தால் என்ன என்பது நிர்வாகத்தின் வாதம். இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று வழக்குப் போட்டது. 2004ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வேனில் ஏற்றிப்போவது சட்ட விரோதம் என்றது. அதே ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் ஒரு பெரிய பட்ஜெட் மசோதாவுக்குள் ஒரு ஷரத்தைச் செருகி, அந்தப் பாதையையே வனாந்தரப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. வேன் மறுபடி ஓட ஆரம்பித்தது.

யார் பக்கம் நியாயம்? பதினேழு கி.மீ. மூட்டை சுமந்து அமைதியைத் தேடிப் போனவருக்குப் பக்கத்தில் வேன் உறுமிக்கொண்டு போனால் எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனால் அந்தத் தேவாலயத்தில் தன் பாட்டி ஞானஸ்நானம் பெற்றார் என்று பார்க்க வரும் எழுபது வயதுப் பெண்மணி மூட்டை சுமந்து நடக்க முடியுமா? தீவை இளைஞர்களுக்கும் திடகாத்திரர்களுக்கும் மட்டும் எழுதிவைப்பது என்ன நீதி? இரண்டு பக்கமும் நியாயம் இருக்கும் வழக்குகளில்தான் சட்டம் திணறுகிறது.

குதிரைகள் விஷயத்திலும் இதே திணறல். சுமார் 150 குதிரைகள் தீவில் திரிகின்றன. ஸ்பானியர் காலத்தில் வந்தவை என்பது படகில் சொல்லப்படும் கதை. மரபணு ஆராய்ச்சி அதை ஆதரிக்கவில்லை. இவை பிற்காலத்தில் நிலக்காரர்கள் கொண்டுவந்து விட்ட வளர்ப்புக் குதிரைகளின் வாரிசுகள். அட்லாண்டிக் கரையில் தீனியும் மருத்துவமும் இனப்பெருக்கக் கட்டுப்பாடும் இல்லாமல் விடப்பட்டிருக்கும் ஒரே குதிரைக் கூட்டம் இதுதான். நம் கரையில் மணலைப் பிடித்துவைக்கும் ராவணன் மீசைப் புல் மாதிரி, அங்கே 'கடல் ஓட்ஸ்' என்ற புல் மணல் குன்றைக் காக்கிறது. குதிரைகள் அதை மேய்ந்து தீர்க்கின்றன. சதுப்புப் புல்லையும் விடுவதில்லை. குதிரைகளுக்கும் இது சுகவாழ்வு அல்ல. உப்புப் புல், ஒட்டுண்ணிகள், குறைந்த ஆயுள். 2023ல் குதிரைகளையே வாதிகளாகச் சேர்த்து நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். ஆமை முட்டைகளைத் தோண்டித் தின்னும் காட்டுப் பன்றிகளைச் சுட்டுக் கட்டுப்படுத்த நிர்வாகம் தயங்கவில்லை. பன்றிக்கு ஒரு நீதி, குதிரைக்கு ஒரு நீதி. காரணம் எளிது. பன்றியை யாரும் வாழ்த்து அட்டையில் போடுவதில்லை.

மனிதர்களிலும் தர வித்தியாசம் இருக்கிறது. கார்னெகி வாரிசுகள் தங்கள் பழைய மாளிகைகளில் ஒன்றை 1960களில் விடுதியாக்கினார்கள். ஃபுளோரிடா பக்கத்திலிருந்து தனிப் படகு, மூன்று வேளைச் சாப்பாடு, வராந்தாவில் ஊஞ்சல். கட்டணம் நூறு டாலர்களில் பேசப்படுகிறது. கூடாரக்காரர்களின் இரவுக் கட்டணமோ அதைவிட மிகக் குறைவு. இதில் ஒரு சமாதானம் உண்டு. சாயங்காலம் இருவரும் பார்ப்பது ஒரே கடல். பணம் குறைந்தவருக்கும் கடலின் முன்னால் ஓர் இரவு கிடைக்கிறது என்பதே, உலகத்துக் கடற்கரைகளெல்லாம் ரிசார்ட்டுகளாகிவரும் காலத்தில், சின்ன விஷயம் அல்ல.

ஆனால் அந்த இரவு கிடைப்பவர்கள் எத்தனை பேர்? 2022ல் பூங்கா நிர்வாகம் ஒரு வரைவுத் திட்டத்தை வெளியிட்டது. தினசரி வரம்பை இரு மடங்குக்கும் மேலாக உயர்த்தலாம் என்றது. பொது மக்கள் பணத்தில் காக்கப்படும் இடம், பொது மக்களுக்குத் திறக்கட்டுமே என்ற வாதத்தைத் தட்டிவிட முடியாது. எதிர்ப்பு பலமாக எழுந்தது. முந்நூறு என்பது வேதவாக்கல்ல. ஆனால் ஏதோ ஓர் எண் வேண்டும் என்பதை ஒப்புக்கொள்ளாவிட்டால், எண் தானாக ஏறிக்கொண்டே போகும். பாலம் போட்ட பக்கத்துத் தீவுகள் அதற்குச் சாட்சி.

எதிர்க் கரையிலிருந்து ராக்கெட் விடும் திட்டம் ஒன்றும் வந்தது. கம்பர்லாந்துக்கு மேலே பறந்துபோக வேண்டிய ராக்கெட்டுகள். 2021 டிசம்பரில் உரிமமும் கிடைத்தது. 2022 மார்ச்சில் அந்த மாவட்ட மக்களே வாக்கெடுப்பு நடத்தி அதற்கான நிலத்தை வாங்கக்கூடாது என்று தடுத்துவிட்டார்கள். இதைப் படிக்கும் தமிழர்களுக்கு ஸ்ரீஹரிகோட்டா நினைவுக்கு வரும். அதுவும் இதே மாதிரி, கடலுக்கும் பழவேற்காடு ஏரிக்கும் நடுவே கிடக்கும் மணல் தீவுதான். ராக்கெட் தளம் வந்தபோது அங்கிருந்த யானாதிப் பழங்குடிகள் இடம் பெயர்ந்தார்கள். வாக்கெடுப்பு எதுவும் நடந்ததாகச் சரித்திரம் இல்லை.

தீவுகளைக் கட்டுப்பாட்டோடு திறக்கும் வித்தை இந்தியாவுக்குத் தெரியாததல்ல. அந்தமானில் மகாத்மா காந்தி கடல் பூங்காவின் ஜாலிபாய் தீவுக்குப் போகிறவர்கள் பிளாஸ்டிக்கைக் கரையிலேயே விட்டுவிட வேண்டும். இரவு தங்க அனுமதி இல்லை. ஆனால் அதே தீவுக் கூட்டத்தின் தென்கோடியில், கிரேட் நிக்கோபாரில், கதை வேறு. ஏழுவரி ஆமைகள் முட்டையிடும் கலாத்தியா விரிகுடாவுக்கு இருந்த சரணாலய அந்தஸ்து 2021 ஜனவரியில் நீக்கப்பட்டது. துறைமுகம், விமான நிலையம், நகரம் எல்லாம் சேர்ந்த பெரும் திட்டத்துக்கு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி தரப்பட்டது. 2004 சுனாமியில் ஊரை இழந்த நிக்கோபாரிகள் தங்கள் பழைய கிராமங்களுக்குத் திரும்ப வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வரைபடத்தில் அந்த இடம் காலி. காலி என்று எழுதப்படும் நிலத்தில் யாருடைய ஊர் இருந்தது என்று கேட்பதுதான் கம்பர்லாந்தின் புகைபோக்கிகள் கற்றுத்தரும் பாடம்.

ஒரு தீவைக் காப்பது என்றால் என்ன என்பதற்கு அங்கேயும் முழு விடை கிடைத்துவிடவில்லை. ஆமைக்கு இருட்டு வேண்டும். குதிரைக்குக் கருணை வேண்டும். போனவர்களின் பேரப் பிள்ளைகளுக்கு வழி வேண்டும். முந்நூற்று ஒன்றாவது ஆளுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. இவற்றை வைத்துக்கொண்டு நாற்பது ஆண்டுகளாக ஒரு சமூகம் நீதிமன்றத்திலும் கூட்டங்களிலும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது. அந்தச் சண்டை ஓயாமல் நடப்பதால்தான் தீவு இன்னும் தீவாக இருக்கிறது.

காலைப் படகுக்காகத் துறையில் நிற்கும் கூடாரக்காரர்களின் மூட்டையில் சாப்பாடு தீர்ந்து எடை குறைந்திருக்கும். குப்பைப் பை மட்டும் நிறைந்திருக்கும். வரும்போது இல்லாத அந்தப் பையைக் கூச்சப்படாமல் தூக்கிக்கொண்டு அவர்கள் படகேறுகிறார்கள். இறங்குகிறவர்களிடம் அலுவலர் மறுபடியும் விதிகளைச் சொல்லத் தொடங்குகிறார்.